மற்றும் குழுவினர்

...ஐயோ, வைரஸெல்லாம் இல்ல சார்! வைரஸா இருந்தா நான் ஏன் கவலைப்படறேன், நீங்க வந்து தட்டி எடுத்துட்டுப் போயிருவீங்க. இது பேர்ப் பிரச்சனை. பேர்! உக்காருங்க... அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும், இதுல உக்காருங்க. பையைக் கீழ வைங்க. அடுத்த வீட்டுக்குப் போகணுமா? போலாம் போலாம். கம்ப்யூட்டர் ரிப்பேர்னா எல்லாரும் வாசப்படியில நிக்கும்போதே கடிகாரத்தப் பாக்கறீங்க.

இதுல பதினோராயிரம் பாட்டு இருக்கு சார். சும்மா டவுன்லோடு பண்ணினதுன்னு நினைச்சுக்காதீங்க. பாதிக்கு மேல கேசட்லேர்ந்து ஒண்ணொண்ணா ஓடவிட்டு ஏத்தினது. ரெண்டு வருஷம்! "ஆபீஸ்ல சம்பளம் வாங்கினப்பகூட நீங்க இவ்ளோ வேலை செஞ்சதில்ல"ன்னு சொல்றா என் வீட்டுக்காரி. பாராட்டுன்னு எடுத்துக்கிட்டேன். வேற வழி? அதுல ஆயிரத்து முந்நூறு பாட்டு எங்க குழுவோடது. மெல்லிசைக் குழு சார். நானும் என் தங்கச்சியும் இருபத்திரெண்டு வருஷம் மேடையில பாடினோம். மைக்கு எனக்கு ஒண்ணு, அவளுக்கு ஒண்ணு. என் மைக்குதான் எப்பவும் கரகரங்கும், அத விடுங்க.

இப்ப இங்க பாருங்க. 'கலைஞர்கள்'னு இருக்கில்ல? இதைத் தட்டினா பாடினவங்க பேரு ஒழுங்கா வரிசையா வரணும். வந்துச்சு. எப்படி வந்துச்சு? நான் தனியாப் பாடினா நான் ஒரு ஆளு. நானும் தங்கச்சியும் சேர்ந்து பாடினா, அது வேற ஒரு ஆளாம்! அவ பேரு முன்னாடி, என் பேரு பின்னாடி இருந்தா மூணாவது ஆளு. எங்க டிரம்ஸ்காரர் நடுவுல ரெண்டு தடவ 'ஹோய்'னு கத்தியிருந்தார்னா, அந்தப் புண்ணியவானையும் சேர்த்து நாலாவது ஆளு. இப்படி நான் ஒருத்தனே அறுபத்தோரு பேரா நிக்கறேன் சார்! வீட்டுல ஒருத்தனா இருக்கறப்பவே மதிப்பில்ல.

இருங்க, இன்னும் இருக்கு. கேசட் அட்டையில 'மற்றும் குழுவினர்'னு போடுவாங்கல்ல? நானும் பார்த்துப் பார்த்து அப்படியே அடிச்சு வெச்சேன். இந்த மகா புத்திசாலி என்ன பண்ணுச்சு தெரியுமா? 'குழுவினர்'னு ஒரு பாடகர் இருக்காருன்னு முடிவு கட்டிருச்சு! முந்நூத்திப் பன்னெண்டு பாட்டு அவர் பேர்ல. படம் போட வட்டமா ஒரு இடம் வேற, காலியா. வருஷக் கடைசியில வாழ்த்துச் சொல்லுது, 'இந்த ஆண்டு உங்களுக்கு மிகவும் பிடித்த கலைஞர்: குழுவினர்'னு! அவரு குரல் எப்படி இருக்கும்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது சார்.

டீ வரும், இருங்க. உங்களுக்கு வரும். எனக்கு வராது. அதையும் சொல்றேன்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். ஒரு நாள் மத்தியானம் வந்துச்சே ஒரு கோவம்! இன்டர்நெட்ல தேடினா ஒரு மகான் எழுதி வெச்சிருக்கான்: எல்லாப் பாட்டையும் மொத்தமாத் தேர்ந்தெடு, முதல் பேரை மட்டும் வெச்சுக்கோ, மிச்சத்த அழிச்சிரு, வீடு சுத்தம்னு. ரெண்டே தட்டு. தட்டினேன். அறுபத்தோரு பேரும் ஒரு ஆளாயிட்டேன். குழுவினர் கண்காணாமப் போயிட்டாரு. எவ்ளோ சந்தோஷம் தெரியுமா? பத்திரமா இருக்கட்டும்னு மறுநாளே அந்தத் தனி டிஸ்க்ல இருந்த பழைய காப்பி மேல புதுசையே ஏத்தி வெச்சேன்... ஏன் சார் தலையில கை வெக்கறீங்க? பத்திரத்துக்குத்தானே சார் வெப்பாங்க!

அதோட விட்டனா? எல்லாத்தையும் நெட்ல ஏத்தி, குடும்பத்துல எல்லாருக்கும் லிங்க் அனுப்பினேன். 'நம்ம பாட்டெல்லாம் கேளுங்க, தேடறது ரொம்ப சுலபம்'னு. தேடினா சார்! என் தங்கச்சி தேடினா. உலகத்துல எல்லாரும் முதல்ல எதைத் தேடுவாங்க? தன் பேரைத்தான். தேடினா. 'முடிவுகள் எதுவும் இல்லை'னு வந்துச்சாம். இருபத்திரெண்டு வருஷம் பாடினவளுக்கு ஒரே வரியில பதில்!

திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல. எங்க வீட்டுல திட்டறது நலம் விசாரிக்கற மாதிரி. இவ திட்டல. குடும்ப குரூப்புல 'பாடல்கள் அருமை. இப்படிக்கு, மற்றும் குழுவினர்'னு ஒரு வரி போட்டுட்டு, குரூப்ப விட்டு வெளிய போயிட்டா. பதினாறு நாளாச்சு. தினமும் ஏழு மணிக்கு வாக்கிங் முடிச்சுட்டு போன் பண்ணுவா. முக்கா மணி நேரம் அறுப்பா. காய்கறிக்காரர் என்ன சொன்னாரு, அவ மாமியார் எந்த மாத்திரைய மறந்தாங்க, எல்லாம் நான் கேக்கணும். போனைக் கீழ வெச்சதும் தலைவலி மாத்திரை போடுவேன். இப்ப ஏழு மணிக்கு போன் சும்மா கெடக்கு சார். நல்லாவே இல்ல. கஷ்டமா இருக்கு.

நான் கூப்பிட்டா எடுக்கல. என் வீட்டுக்காரி அந்தப் பக்கம் சாஞ்சுட்டா. அதான் டீ கட்.

எல்லாம் இந்த மிஷின் பண்ணின வேலை. நானா அழிச்சேன்? முதல் பேரை வெச்சுக்கோன்னேன், வெச்சுக்கிச்சு, அவ்ளோதான்... என்ன கேட்டீங்க? தங்கச்சி பேரு முன்னாடி இருந்த பாட்டெல்லாம் எங்கன்னா...? அதுல அவ பேருதானே மிஞ்சியிருக்கணும்னா...?

ம். ரிப்பேர் பார்க்க வந்தீங்களா, விசாரணைக்கு வந்தீங்களா?

அது வந்து... அதுக்கு ஒரு வாரம் முன்னாடி அதையெல்லாம் நான் மாத்தினேன். என் பேரை முன்னாடி கொண்டு வந்தேன். ஒரு ஒழுங்குக்காக சார்! அகர வரிசை... இல்ல, அவ பேரு 'அ'வுலதான் ஆரம்பிக்குது. சரி, வயசு வரிசைன்னு வெச்சுக்கோங்க. அண்ணன்ல! நானூத்தி எழுபது பாட்டு, அவ தனியாப் பாடினதும் சேர்த்துத்தான். ஒண்ணொண்ணா, கையால மாத்தினேன்... சிரிக்காதீங்க சார். கேசட் அட்டையில ஹிட்டான பாட்டுக்கெல்லாம் அவ பேருதான் முதல்ல இருக்கும். ஜனங்க கைத்தட்டினது அவளுக்குத்தான். எனக்கும் தெரியும். அட்டையிலதான் முடியல, இங்கயாவது...

விடுங்க. பழசு திரும்ப வருமா வராதா? ...வராது. பாட்டு இருக்கு, பேரு வராது. கேசட் அட்டையெல்லாம் ஏத்தி முடிச்சதுமே எடைக்குப் போட்டாச்சு சார். வேற எங்கயாவது எழுதி வெச்சிருந்தா பார்த்து அடிக்கலாமா? இருக்கு சார், ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கு. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் எந்தப் பாட்டு, யாரு யாரு பாடினாங்க, என்ன சுருதி, யாரு சொதப்பினாங்க, எல்லாம் தேதியோட. யாரு எழுதினதா? அவதான். யார்கிட்ட இருக்கா? அவகிட்டதான்.

எந்திரிச்சிட்டீங்களா? டீ குடிங்க சார், இதோ வந்துருச்சு பாருங்க. ஒரே ஒரு டம்ளர், பார்த்தீங்களா? நான் சொன்னேன்ல. சார்... உங்க போனைக் கொஞ்சம் குடுங்களேன். என் நம்பர்னாதான் எடுக்க மாட்டா. உங்களுது தெரியாத நம்பர், எடுத்துருவா. ஒரே நிமிஷம். நம்பர் மனப்பாடம்தான்...

அடிக்குது.

...ஹலோ. ...இல்லம்மா, கூரியர் இல்ல. ...யாருன்னா... குழுவினர் பேசறேன்மா.

வெச்சிராத! வெச்சிராத... ம்... ஆமா... ஆமா, நான்தான் மாத்தினேன், கையாலதான்... ம்... நீ சொல்லு. காய்கறிக்காரர்லேர்ந்து சொல்லு. நான் வாயே தொறக்கல.