ஊஞ்சலை ஆட்டிய உத்தேச சைன்: கேசியா அம்மையாருக்குப் பிரியாவிடை

கோணங்களைக் கட்டியாண்ட கோமகளே! வளைவுகளை வசப்படுத்திய வல்லவரே! சித்தூரிலிருந்து நாள்தோறும் பஸ் ஏறியும், திருப்பதியிலேயே குடியிருக்கும் எங்களுக்கு முன்னால் வந்து மின்விசிறிக்குக் கீழுள்ள நாற்காலியைப் பிடித்துக்கொண்ட மாதரசியே! எங்கள் அனிமேஷன் கூடத்தின் மூத்த புரோகிராமரே! கேசியா அம்மையாரே, வணக்கம்!

இத்தனை ஆண்டுகளும் உங்கள் சாப்பாட்டு டப்பாவை எட்டிப் பார்த்தும், உங்கள் போன் பேச்சுக்குக் காது கொடுத்தும் வளர்ந்தவர்கள் நாங்கள். ஆகையால் இம்மடலில் உள்ளவை யாவும் நம்பத் தகுந்தவை.

முன்பு செல்போனுக்காக உற்சவ ஊஞ்சல் படமொன்று செய்தோம். ஊஞ்சலும் பூச்சரங்களும் அசைய, ஒவ்வோர் அசைவுக்கும் முக்கோணவியலின் சைன் கணக்குப் போட வேண்டும். அக்காலத்துப் போன் மூச்சுவாங்கிச் சூடேறியது. ஊஞ்சல் விக்கி விக்கி நின்றது. நீங்களோ சைன் அலையை ஓரங்கட்டிவிட்டு, ஏறத்தாழ அதைப் போலவே வளையும் எளிய வளைவொன்றை அதன் இடத்தில் அமர்த்தினீர்கள். ஓரிரு பெருக்கலில் வேலை முடிந்தது. ஊஞ்சல் வழுக்கிக்கொண்டு ஆடியது.

"கணக்கு கொஞ்சம் தப்புதானம்மா?" என்று மேலாளர் ரங்கையா முணுமுணுத்தார்.

"எவன் சார் ஸ்கேல் வெச்சிக்கினு ஊஞ்சல அளக்கப் போறான்?" என்றீர்கள்.

அன்று முதல் எங்கள் படங்களில் தேர் அசைந்ததும், தாமரை மிதந்ததும், யானை காதை ஆட்டியதும் அந்த உத்தேச சைனால்தான். போன்கள் வேகம் பெற்ற பிறகும் நீங்கள் அதை விடவில்லை. "அக்கா, அத இன்னும் எதுக்கு கட்டிக்கினு அழுவுறீங்க?" என்று கிரண்குமார் கேட்டதற்கு, "நீ ஸ்கூல்ல சைன் தெரியாம முழிச்சிக்கினு இருக்கசொல்லவே அது ஓடிக்கினு இருந்துச்சிடா!" என்று நீங்கள் கொடுத்த பதில் கீழ்த்தளத்து டீக்கடை வரை கேட்டது. ஓய்வு பெற்ற பின்னும் அந்த நிரல், அதன் தலைப்பில் நீங்கள் எழுதிவைத்த உங்கள் பெயரோடு இங்கே இருக்க வேண்டும் என்பதே உங்கள் ஒரே ஆசை. எங்களிடமா சொன்னீர்கள்? ரங்கையாவிடம் சொன்னீர்கள். கதவைத்தான் சரியாகச் சாத்தவில்லை.

இவ்வாண்டு, முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் பயிற்சிக்கு ஒரு மென்பொருள் செய்தோம். காமிரா காலின் கோணத்தை வாங்கும். திரையில் ஒரு பொம்மைக் கால் அப்படியே மடங்கும். மருத்துவர் குறித்த கோட்டை அது தொட்டால் பயிற்சி முடிந்தது. பழக்க தோஷம், உங்கள் உத்தேச சைனே அதிலும் போய் உட்கார்ந்தது. சித்தூர் மருத்துவரின் அறையில் சோதித்துப் பார்த்த அன்று, அறுவை சிகிச்சை முடிந்து வந்திருந்த பிச்சாட்டூர்க்காரரான செங்கமலம் வலியோடு காலை மடக்கினார். பொம்மை கோட்டைத் தொட்டது. "தொட்டுட்டேன்! போதும், ஊட்டுக்குப் போறேன்" என்று சிரித்தார். எல்லோரும் திரையைப் பார்க்க, நீங்கள் மட்டும் அவருடைய காலைப் பார்த்தீர்கள். மடங்க வேண்டிய அளவுக்கு அது ஒரு விரல் அகலம் குறைந்திருந்தது.

"இன்னும் கொஞ்சம் மடக்கணும்மா. பொம்ம பொய் சொல்லுது" என்றீர்கள்.

திரும்பி வந்ததும் அந்த நிரலை எடுத்தெறிந்துவிட்டு முறையான சைனை வைத்தீர்கள். முழங்காலுக்கு மட்டுமல்ல, எல்லாவற்றுக்கும். "பொம்மப் படங்களுக்காவது இருக்கட்டுமே அக்கா" என்று கெஞ்சியவர், சாட்சாத் கிரண்குமாரேதான். "வாணாம்ப்பா. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்தா, நாளைக்கு எவனாச்சும் மாத்தி எடுத்துடுவான்" என்றீர்கள். ஆசையாய் வைத்திருந்த பெயரும் அதோடு போயிற்று.

அளவின் அருமை அறிந்த அம்மையே! எவ்வளவு தவறலாம் என்பதைக் காட்டிலும், யாரிடம் தவறக் கூடாது என்பதை நீங்கள் தெரிந்துவைத்திருந்தீர்கள். செங்கமலம் போன வாரம் துணைக்கு ஆளில்லாமல் பஸ் படியேறி நம் கூடத்துக்கே வந்து காலை மடக்கிக் காட்டினார். நிரல் எழுதியவர் யாரென்று அவருக்குத் தெரியாது. நாங்களும் அன்று சொல்லத் தவறினோம்.

ஆகவே இப்போது உரக்கச் சொல்கிறோம்: அவர் பெயர் கேசியா! சர்ச்சில் மண்டியிடும் உங்கள் முழங்கால்கள் நோவறியாதிருக்க, உடல் நலமும் நீள் ஆயுளும் பெற்று வாழ்க!

திருப்பதி.
என்றும் உங்களை எட்டிப் பார்க்கும்,
அனிமேஷன் கூடத்துத் தோழர்கள்