கரியண்ணனின் வெள்ளைக் கைக்குட்டை

மேடையில் அமர்ந்திருக்கும் மேலாளர் அவர்களே, சாயப்பட்டறைத் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் எங்கள் அண்ணி அவர்களே, அழத் தயாராக வந்திருக்கும் அனைவருக்கும் என் வணக்கம். ஆனால் கரியண்ணனைப் பற்றிப் பேசி உங்களை அழவைக்க எனக்குத் தெரியாது. இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்தபோதே மூன்று முறை சிரித்துவிட்டேன்.

நான் வேலை பார்க்கும் கழிவுநீர்ப் பிரிவின் மேற்பார்வையாளர் என்பது அவருடைய பதவி. கரியண்ணன் என்பது நாம் தந்த பட்டம். எந்தப் பட்டம் பெரியது? அவரிடமே கேட்டிருந்தால் கறுத்த விரல்களைக் காட்டியிருப்பார்.

எண்ணெய் ஆலைக்காரர்கள் குப்பையில் கொட்டிய வேர்க்கடலை ஓடுகளை மூட்டை மூட்டையாக அள்ளி வந்தவர் அவர். காற்றுப் புகாத உலையில் அவற்றைச் சுட்டு, நீராவி செலுத்தி, கழுவிக் காயவைத்துக் கரியாக்கினார். "தங்கச்சி, இதுல ஒரு கைப்பிடியைப் பிரிச்சு விரிச்சா ஒரு மைதானமே வரும். அவ்வளவு ஓட்டை உள்ள. சாயம் உள்ள போனா திரும்பி வர வழி தெரியாது" என்பார்.

முதல் சோதனை நாள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கரித் தொட்டி வழியாக வந்த நீரில் வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துக் காயவைத்தார். பளிச்சென்ற வெள்ளை! பட்டறை முழுவதற்கும் டீயும் பிஸ்கட்டும் வாங்கித் தந்தார். இரண்டாவது டீ குடிக்கும்போதுதான் சாய மாஸ்டர் வாயைத் திறந்தார்.

"அண்ணே, இன்னிக்குக் காலையிலேர்ந்து வெள்ளை ஆர்டர்தான் ஓடுது. சாயமே கலக்கல."

"அப்போ என் கரி லீவுல இருந்துச்சா?"

"ஆமா. டீ மட்டும் டூட்டி பார்த்துச்சு."

வேறொருவராக இருந்தால் மறைத்திருப்பார். கரியண்ணன் பதிவேட்டில் எழுதினார்: 'கரி ஜெயிக்கவில்லை. சாயம் வரவேயில்லை.' அன்றிலிருந்து ஒரு நாளும் தவறாமல், முதலில் மாஸ்டரிடம் அன்றைய நிறத்தைக் கேட்பார். உள்ளே வரும் நீரில் ஒரு புட்டி பிடிப்பார். பிறகுதான் கைக்குட்டை. நிறம் அளக்கும் கருவி சொல்லும் எண் அரசுக்கு, கைக்குட்டை தனக்கு என்பார்.

அந்தக் கைக்குட்டைகளைத் துவைத்தவர் யார்? அண்ணிதான். "வீட்டுக் கொடியில பாரு, நீலம், பச்சை, மஞ்சள். பக்கத்து வீட்டுக்காரி, உங்க வீட்டுல தினம் என்ன விசேஷம்னு கேக்குறா" என்று அவரைத் திட்டியதை நானே கேட்டிருக்கிறேன். தொட்டிகள் ஒவ்வொன்றாகச் சீராகச் சீராக, அந்தக் கொடி வெளுத்தது.

பட்டறை நீர் வெளியேறும் வாய்க்கால் போகும் வழியில்தான் என் வீடு இருக்கிறது. குழந்தை பிறந்த பிறகு, தண்ணீரைக் காய்ச்சி, ஆறவைத்து, மறுபடியும் காய்ச்சுகிறவள் நான். ஒரு நாளைக்கு நாலு முறை அவரிடம் போய், "அண்ணே, நிஜமாவே சரியா இருக்கா?" என்று கேட்பேன். அவர் ஒருமுறைகூடப் பயப்படாதே என்று சொன்னதில்லை. நீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் வெளிவால்வின் சாவிகளில் ஒன்றை என் கையில் வைத்தார். "பயப்படுற ஆள்கிட்டயும் ஒண்ணு இருக்கட்டும்."

அவர் தூக்கத்திலேயே போய்ப் பன்னிரண்டு நாளாகிறது. சாயம் குடித்து நிரம்பிய கரியை மாற்ற, அந்தப் பன்னிரண்டு நாளும் கரித் தொட்டியைத் தொட யாருக்காவது மனசு வந்ததா? எனக்கும் வரவில்லை. அவர் கட்டிவைத்த புதுக் கரி மூட்டைகளைப் பிரிக்கக் கை எழவில்லை. கருவியில் எண் வரம்புக்குள் இருந்தது. அதைப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன்.

இன்று காலை வாசலில் அண்ணி ஒரு கைக்குட்டையைத் தந்தார். "ஒரு டஜன்ல மிச்சம் இது ஒண்ணுதான். இன்னும் கறை படல." மாஸ்டரிடம் கேட்டேன். சிவப்பு என்றார். நனைத்தேன், வெயிலில் காயவைத்தேன். இதோ, எல்லோரும் பாருங்கள். மெல்லிய ரோஸ்.

இரங்கல் கூட்டத்துக்காக இயந்திரங்களை நிறுத்தியதாக நினைத்திருப்பீர்கள். இல்லை தோழர்களே. பத்தரை மணிக்கு வெளிவால்வைப் பூட்டி அவற்றை நிற்கவைத்தவள் நான். மேலாளர் தொலைபேசியில் கேட்டார்: "இன்னிக்கேவாம்மா?" "இன்னிக்கும்தான் சார்" என்றேன். "சரி, எத்தனை மூட்டை மாத்தணும்?" என்றார். அவருக்கு என் நன்றி.

பதினாறு மூட்டை. கூட்டம் முடிந்ததும் யாரும் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். பழைய கரியை வாரி, புதுக் கரியை நிரப்புவோம். இன்று நம் எல்லோருடைய விரல்களும் அவருடைய விரல்களைப் போல ஆகட்டும். கைக்குட்டை வெளுக்கும்வரை சாவி என்னிடம்தான் இருக்கும். இது நான் கரியண்ணனுக்குத் தரும் வாக்கு.

அண்ணி, நாளைக் காலை புதிதாக ஒன்று வாங்கி நனைப்பேன். வெள்ளையாக வந்தால், உங்கள் வீட்டுக் கொடியில்தான் கொண்டுவந்து காயப்போடுவேன்.