சவுரியின் நாலு போர்டு

15.6.2025, ஞாயிறு. திண்டிவனம்.

இன்று சவுரிராயன் கொண்டுவருவது மூன்றாவது போர்டு என்று நேற்று எழுதிவிட்டேன். தவறு, நான்காவது. விழுப்புரம் மாலை எலக்ட்ரானிக்ஸ் வகுப்பில் நாங்கள் ஜோடி; ஒரே சீராக ஒலி எழுப்பும் சர்க்யூட் போர்டு செய்து, அதன் அலையைக் காட்ட வேண்டும். வகுப்பின் அலைக்காட்டி (ஆசிலாஸ்கோப்) பழுது. அதனால் போர்டின் ஒயரை அண்ணனின் லேப்டாப் மைக் துளையில் செருகி, திரையில் அலை பார்க்கிறோம். போர்டு கட்டுவது அவன். பார்த்து எழுதுவது நான். இன்று பேசியது:

— இன்னா வெண்ணிலா, வருதா?

— ஒரு செகண்டு வந்துச்சு சவுரி. அப்புறம் நேர்கோடு.

— முன்ன மூணும் இதே பேஜாருதான! வானூர்ல பகலெல்லாம் ஒயரிங் இழுத்துட்டு, வந்து குந்திக்கினு ஒவ்வொரு காலா ஈயம் வச்சேன்.

— எங்கயாவது விட்டுப்போயிருக்கும். திருப்பிப் பாரேன்.

— பத்து வாட்டி பார்த்தாச்சு. ஸ்பீக்கர்ல மாட்டினா ‘கூ’ன்னு நிக்காம கேக்குதே!

— காதுல கேட்டதை எப்படி எழுதறது? சார் திரையில அலை காட்டச் சொன்னாரு.

— உன் லேப்டாப்பு சரியா?

— ஹெட்செட் போட்டுப் பேசினேன். அலை நல்லா ஆடுது.

— உன் பேச்சு மட்டும் ஏறுது. அப்ப தப்பு எம்மேலதான்.

— நான் அப்படிச் சொல்லலையே.

— நோட்டுல ‘போர்டு பழுது’ன்னு மூணு தடவ எழுதியிருக்கியே. வுடு. என் பேரை எடுத்துடச் சொல்லி சாருக்கு மெசேஜ் போட்டுட்டேன். நீயாவது பரீட்சை எழுது.

— சவுரி, நில்லு!

— போர்டு கிடக்கட்டும். பஸ்ஸு போயிடும், வர்றேன்.

— பாப்பா, லேப்டாப் ஆச்சா? ஆறு மணிக்கு எனக்குக் கஸ்டமர் காலு.

— எடுத்துக்கோ வல்லரசண்ணா.

— அவன் ஏன் மூஞ்சத் தூக்கிக்கினு போறான்?

— அவன் போர்டு ஒரே சீரா சத்தம் குடுத்தா, லேப்டாப் உள்ள போய்க் காணாமப் போவுது.

— போவாம? ஃபேன் சத்தம் கேக்குதுன்னு மேனேஜர் கத்தினாரு. பேச்சை மட்டும் வுட்டுட்டு, வுடாம வர்ற சத்தத்தை அழிக்கற செட்டிங்கு போட்டேன்.

— எப்போ?

— பொங்கலுக்கே.

— அதை அணை. ஜல்தி!

— அணைச்சாச்சு. அட, அலை அலையா வருதே! யாரு கட்டினது?

நாளை: காலை முதல் பஸ். கோலியனூரில் இறங்கி, சவுரியின் வீட்டில் அந்த மூன்று போர்டையும் கேட்டு வாங்க வேண்டும். பிறகு சாரிடம் நோட்டைக் காட்டி, ‘போர்டு பழுது’ என்பதை அவர் முன்னால் அடிக்க வேண்டும்.