உப்புப் பார்க்கும் வேலை

ஒனிஹங்கா போகும் ரயிலில் எனக்கு முன்னால் ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பதி. மனைவி சனிக்கிழமைச் சந்தையில் வடைக்கடை போடப் போகிறாவாம். நான் யன்னலைப் பார்த்தபடியே அவர்கள் பேச்சைக் கேட்டேன். மனைவிதான் தொடங்கினா.

“குவைத்தில நான் வேலை செய்த அரபு மேடம், பொம்பிளையள் யாவாரமே செய்யாத காலத்தில அத்தர்க் கம்பனி தொடங்கினவ. முதல் வேலையாப் புருசனைக் கம்பனியால நிப்பாட்டினவ.”

“ஏனப்பா?” என்றார் கணவர்.

“கூட்டாளியளுக்குப் போத்தல் போத்தலாச் சும்மா குடுத்தவராம். பிறகுதான் ஊரெல்லாம் கடை திறந்தவ.”

“உம்மட கம்பனியில எனக்கென்ன வேலை?”

“நேற்று உப்புப் பாக்கிறன் எண்டு ஒரு தட்டு வடையை முடிச்சுப்போட்டியள். அந்த வேலையும் இனி இல்லை.”

அவர் காலடியில் இருந்த உளுந்து மூட்டையை நிமிர்த்தி வைத்தார்.

“அந்த மனுசன் பிறகு என்ன செய்தவர்?”

“மேடத்துக்குக் கார் ஓடினவர். நல்ல சம்பளம்.”

ரயில் நின்றது. அவர் உளுந்து மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு, “வாங்கோ மேடம்” என்றார்.