இருமல் நின்ற வாரம்

— கையை ஆட்டாதீங்க. பட்டை சுத்திட்டிருக்கேன்ல.

— புருஷன் வீட்டுக்குள்ள வந்ததும் வராததுமா பிரஷர் மெஷினா?

— பேசாதீங்க. பேசினா ஏறும்.

— ரேடியோல செய்தி வாசிக்கிறவன்கிட்ட போய்...

— உஷ்! ...நூத்தி எழுபது.

— மெஷின் பழசு.

— அதுக்கு வாயில்லைன்னு பழியைப் போடுறீங்க. மாத்திரை போட்டீங்களா?

— அது கெடக்கட்டும். உன் லேப்ல என்ன விசேஷம்?

— பேச்சை மாத்துறீங்க... சரி, கேளுங்க. ஆபரேஷன்ல வெட்டின மிச்சம் வந்துச்சு. மனுச ரத்தக் குழாய், துளியூண்டு வளையம். கம்பில மாட்டி ஹார்மோன் ஒரு சொட்டு விட்டேன். அப்படியே இறுக்கிப் பிடிச்சுது!

— உடம்பை விட்டு வந்ததுக்கப்புறமுமா?

— ஆமாங்க! அந்த ஹார்மோன் எட்டே எட்டு மணி கோத்த மாலை மாதிரி. ரத்தத்துல முதல்ல பத்து மணியா சும்மா சுத்தும். கத்தரி மாதிரி ஒரு என்சைம் வந்து ரெண்டு மணியை நறுக்கும். அவ்வளவுதான், குழாயெல்லாம் இறுகும், பிரஷர் ஏறும்.

— யப்பா! கடுகு சிறுத்தாலும் காரம் போகாதுன்னு சும்மாவா சொன்னாங்க.

— தினமும் பாக்கறேன், இன்னும் மலைப்பு தீரல. உங்க மாத்திரை அந்தக் கத்தரியோட கையைத்தான் கட்டிப்போடுது.

— நல்ல மாத்திரை...

— ஆனா இருமலைக் கிளப்புற வேற ஒரு மாலையையும் அதே கத்தரிதான் வெட்டணும். கையைக் கட்டிட்டா அது சேந்துபோகும். சிலருக்கு வறட்டு இருமல் வரும்.

— சரி சரி, பட்டையைக் கழட்டு.

— அந்த இருமல் உங்களுக்கு இருந்துச்சு. போன வாரம் திடீர்னு நின்னுபோச்சு.

— தேன் குடிச்சேன்.

— கதை விடாதீங்க.

— ...நிறுத்திட்டேன். நேரலையில இருமி இருமி மானம் போச்சு. மேலதிகாரி வேற குரல் தேட ஆரம்பிச்சுட்டாரு. இந்தத் தொழிலை விட்டா எனக்கு என்ன தெரியும்?

— அதுக்குன்னு உசுரோட விளையாடுவீங்களா? இப்பவே கிளம்புங்க, டாக்டர் வரச் சொல்லிட்டாரு. வேற மாத்திரை இருக்காம். கத்தரியைத் தொடாது, குழாய்ல மாலை போய் மாட்டுற கொக்கியை மூடிடும். பெரும்பாலும் இருமல் வராது.

— அடேங்கப்பா! இருமல் நின்னதை வெச்சே திருடனைப் பிடிச்சுட்டியே! உன்னைக் கட்டிக்கிட்டது என் புண்ணியம்... ஆமா, போன வாரமே தெரிஞ்சும் ஏன் வாயைத் திறக்கல?

— ...திட்டணும்னுதான் இருந்தேன். அன்னிக்கு ரேடியோவைப் போட்டா, ஒரு தடங்கல் இல்லாம முழுசா வாசிக்கிறீங்க. நான் மயங்கின அதே குரல்... பயமாத்தான் இருந்துச்சு, ஆனா மறுபடி மாத்திரை போடச் சொல்ல மனசு வரல. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு... கேட்டுக்கிட்டே இருந்துட்டேங்க.