ஆணியில் மாட்டிய பச்சைத் தொப்பி

கம்பளித் தொப்பி ஒருமுறை நனைந்துவிட்டால் அதன் வடிவமே கெட்டுவிடும். லுக்ரேட்சியா மோகாவின் பச்சைத் தொப்பியை நான் எடுத்து உள்ளே வைத்தது அதனால்தான். முதல் விசாரணையில் நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எங்கள் தாவரவியல் தோட்டத்தில் சனிக்கிழமை மதியம் வெப்பக்குடிலைப் பூட்டி, வெளியிலிருந்து குழாய் வழியாகப் பூச்சி கொல்லும் புகையை விடுவோம். சில மூச்சு இழுத்தால் மனிதருக்கும் அதே கதிதான். அதனால் உள்ளே போகிறவர் தொப்பியைக் கதவோரத்து ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். புகை போடும் சமோய்லா, "ஆணியில தொப்பி இல்லேன்னா உள்ள ஆளும் இல்ல. இருந்தா அது பேய், அதைப் புகை ஒண்ணும் பண்ணாது" என்பார்.

எனக்குப் பெயர் வந்ததே பிகோனியா என்ற ஒரு பூச்செடியால். அயல்நாட்டு மழைக்காட்டில் நானே கண்டெடுத்த புதுச்செடி என்று எழுதி, இறந்துபோன என் மனைவி வியோரிக்காவின் பெயரை அதற்கு வைத்தேன். தலைநகர் புக்கரெஸ்டிலிருந்து ஆட்கள் வந்து என்னை இயக்குநர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை காலை, எங்கள் ஆராய்ச்சிப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த லுக்ரேட்சியா என் அறைக்கு வந்தாள்.

"ஐயா, அது காட்டுச்செடியே இல்ல. நம்ம குடில்ல இருக்கற ரெண்டு பழைய செடிக்குப் பொறந்தது. அப்பன் ஆத்தா ரெண்டு பேரையும் கண்டுபிடிச்சிட்டேன்."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இன்னும் இல்ல. நீங்களே சொல்லிடுங்க. திங்கக்கிழமை வரைக்கும் வாயைத் தொறக்க மாட்டேன். வியோரிக்கா அக்கா மட்டும் இருந்திருந்தா, உங்க காதைத் திருகியிருப்பாங்க."

சிரித்துக்கொண்டே, வீட்டில் சுட்ட பாலாடைக்கட்டி அப்பத்தை என் மேசையில் வைத்துவிட்டு, கடைசியாக ஒருமுறை சரிபார்க்கக் குடிலுக்குப் போனாள். அப்பத்தை நான் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

பிறகு நானும் குடில் பக்கம் போனேன். தொப்பி ஆணியில் இருந்தது. கண்ணாடி வழியே அவள் குனிந்து நிற்பது தெரிந்தது. தொப்பியை எடுத்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். கதவை நான் தொடவில்லை. புகையையும் நான் விடவில்லை.

சமோய்லா வந்தார். ஆணியைப் பார்த்தார், வழக்கம்போல் கையாலும் தடவிப் பார்த்தார், சிலுவை போட்டுக்கொண்டு தாழிட்டார். மரத்தடியில் நின்ற என்னைப் பார்த்து, "வீட்டுக்குக் கிளம்பலியா ஐயா?" என்றார்.

"கிளம்பணும்" என்றேன். அந்த இடத்தில் வேறொரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இப்போது அவர் உங்கள் காவலில் இருக்கிறார். நேற்று சிகரெட் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன்.

"ஆணி வெறுமையாத்தான் இருந்துச்சு ஐயா. ஆனா தொப்பி இல்லாம அந்தப் பொண்ணு உள்ள போகாதே. என் கண்ணுதான் மங்கிப்போச்சோ?"

"வயசாகுதுல்ல" என்றேன்.

அவர் அழுதுகொண்டே தலையாட்டினார். செய்யாத கொலையைச் செய்ததாக அவரே நம்பிவிட்டார். என் பொய்யை நம்பாத ஒருத்தியைக் கொன்றேன், நம்பிய ஒருவரைச் சிறைக்கு அனுப்பினேன். வெட்கத்தில் இரவெல்லாம் தூக்கமில்லை. அதனால்தான் வந்தேன்.

தொப்பி என் அறை அலமாரியில் இருக்கிறது, வடிவம் கெடவில்லை. மழைக்காக எடுத்தேன் என்றே எழுதிக்கொள்ளச் சொல்ல நினைத்திருந்தேன். ஆனால் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். அந்த மாதம் முழுக்க மழையே இல்லை, செடிகளுக்கு ஆற்றிலிருந்துதான் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தோம்.