றஸீனாவின் வயிற்றுக்குத்தும் முனாப்பின் வாயும்

கேதீஸ்வரி: கொஞ்சம் பொறுங்க. துண்டு எழுதுற நேர்ஸ் நான், ஆரிட்டக் கேட்ட?

முனாப்: இவக்கிட்டத்தான் மிஸ்ஸி.

கேதீஸ்வரி: மறுகா ஏன் நீங்க சொல்றயள்?

முனாப்: அவ கதைக்க மாட்டா. நான் புருசன், முனாப். எனக்குத் தெரியாத என்ன இரிக்கி... கீழ்வயிறு, வலப்பக்கம், முள்ளுக் குத்தின மாதிரி. வாயு.

கேதீஸ்வரி: வருத்தத்தையும் நீங்களே சொல்லி, பேரையும் நீங்களே வெச்சிட்டயள். டாக்குத்தர் வந்து என்ன செய்யிற? பிளேன்டி குடிச்சிட்டுப் போகட்டா?

முனாப்: இல்ல மிஸ்ஸி, மூணு வருசமாகுது, அதான்...

கேதீஸ்வரி: றஸீனா, துண்டுல முப்பத்திரெண்டு வயசு எண்டு கிடக்கு. சரியா?

முனாப்: ஓம், சரி.

கேதீஸ்வரி: எப்ப துவங்கின இந்தக் குத்து?

முனாப்: சுனாமி வந்து ஒண்டரை வருசத்தில. முகாமில இருக்கக்குள்ள.

கேதீஸ்வரி: புள்ள, வாய் இருக்கா உங்களுக்கு? தலையாவது ஆட்டுங்க... ஆ, ஆடுது. தலை வேலை செய்யுது. இதுவரைக்கும் எங்க காட்டின?

முனாப்: எங்கதான் காட்டல்ல. நாட்டு மருந்துப் பரிசாரி வாயு எண்டாரு. லெப்பை கண்ணூறு எண்டு தண்ணி ஓதித் தந்தாரு. ஒரு டாக்குத்தர் காஸ்ட்ரிக் எண்டு குளிச தந்தாரு. முகாமுக்கு வந்த வெள்ளைக்காரன் மனக்கவலை எண்டு படம் கீறச் சொன்னான்.

கேதீஸ்வரி: கீறினாவா?

முனாப்: நான்தான் கீறின.

கேதீஸ்வரி: கேட்டே இருக்கக் கூடாது நான். வாயுக்கெண்டு உள்ளிப்பூடும் குடுத்திருப்பயளே?

முனாப்: விடியக் காலையில அவிச்சு, வெறுவயித்தில. மட்டக்களப்புச் சந்தையில உள்ளி விலை ஏறினதே எங்களாலதான்.

கேதீஸ்வரி: முப்பது வருசச் சண்டை போன கிழமை முடிஞ்சு போச்சாம். இவட வயித்துச் சண்டையை முடிக்கத்தான் ஒருத்தரும் இல்ல. இஞ்ச பாருங்க முனாப், பொம்புளட அடிவயிறு எண்டா குடல்வாலா இருக்கும், சலப்பையில கல்லா இருக்கும், சூலகத்தில கட்டியா இருக்கும், புள்ள குழாய்க்குள்ள தங்கினதா இருக்கும். ஆனா புருசன்மார் கூட வந்தா எல்லாம் வாயுவாப் போயிரும். இந்த ஊர்ப் பொம்புளயளட வாயுவ ஒரு சாக்கில அடைச்சா, பாலமே இல்லாம வாவிக்கு மேலால கல்லடிக்குப் பறக்கலாம்.

முனாப்: பகிடிதான் மிஸ்ஸிக்கு.

கேதீஸ்வரி: மாசா மாசம் ஒழுங்கா வருதா?

முனாப்: வருது. போன மாசம் இருவத்தெட்டாம் திகதி. கொஞ்சம் கூடத்தான் போகுது.

கேதீஸ்வரி: உங்களுக்கு?

முனாப்: மிஸ்ஸி...

கேதீஸ்வரி: சரி, சரி. புள்ள தங்காம இருக்க ஏதும் பாவிச்...

முனாப்: இல்ல.

கேதீஸ்வரி: நான் கேட்டு முடியல்ல.

முனாப்: ஒண்டும் இல்ல. அது எழுதத் தேவல்ல. ஸ்கேனும் தேவல்ல. வாயுக்கு நல்ல குளிசயா...

கேதீஸ்வரி: முனாப், எழும்புங்க. இந்தக் கட்டில்ல ஏறிப் படுங்க.

முனாப்: நானா?

கேதீஸ்வரி: நோக்காட்ட இவ்வளவு விவரமாச் சொல்றவர்தான் நோயாளி. சாரத்தத் தளத்துங்க. டாக்குத்தர் கையுறை போட்டு வருவாரு.

முனாப்: நான்... நான் வெளிய நிக்கன்.

கேதீஸ்வரி: நில்லுங்க, நல்லாத் தள்ளி... போயிட்டாரு. இனிச் சொல்லுங்க புள்ள.

றஸீனா: கதவச் சாத்துங்க மிஸ்ஸி.

கேதீஸ்வரி: கதவெங்க இருக்கு இஞ்ச? திரைச்சீலைதான். மெதுவாச் சொல்லுங்க.

றஸீனா: வாயு இல்ல.

கேதீஸ்வரி: அது அவரு வாயத் திறக்கக்குள்ளயே எனக்குத் தெரியும்.

றஸீனா: லூப்.

கேதீஸ்வரி: புள்ள தங்காம இருக்கக் கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற லூப்பா?

றஸீனா: முகாமுக்கு வந்த டாக்குத்தரம்மா போட்டுவிட்ட. அவருக்குத் தெரியா. எங்கட மகன் ஸியாமக் கடல் கொண்டு போன. நாலு வயசு மிஸ்ஸி. அவனுக்கு நாப்பதாம் நாள் ஓதி முடிய முதலே சனம் இன்னொண்டப் பெறு எண்ட. மாமி ஆமினா உம்மா மாசா மாசம் கேப்பா, ‘மகள், ஏதும் உண்டா’ எண்டு. எனக்கு ஏலா. இருக்கிற மகள் அம்னாவையே கிணத்தடிக்குத் தனிய விடமாட்டன் நான்.

கேதீஸ்வரி: லூப்பில ஒரு நூல் இருக்கும். கைக்குத் தட்டுப்படுதா?

றஸீனா: முந்தித் தட்டுப்படும். இப்ப ரெண்டு வருசமா இல்ல.

கேதீஸ்வரி: ரெண்டு வருசம்... அதுக்கும் உள்ளி குடிச்சயள். புள்ள, அது இடம் மாறிக் கிடக்குப் போல. கர்ப்பப்பையக் குத்திக்கிட்டு நிண்டா பகிடி இல்ல. ஸ்கேன் எடுக்கணும், வெளிய எடுக்கணும். டாக்குத்தரிட்டச் சொல்லணும்.

றஸீனா: அப்ப அவருக்கும் தெரிய வரும்.

கேதீஸ்வரி: வரட்டும்.

றஸீனா: என்னத் தலாக் சொல்லி விட்டிருவாரு. மாமி விடச் சொல்லுவா. அம்னாவையும் புடிச்சு வெச்சிருவாங்க. வாயு எண்டே எழுதுங்க மிஸ்ஸி. மூணு வருசம் தாங்கின வயிறு, இன்னும் தாங்கும்.

கேதீஸ்வரி: எழுத மாட்டன். இந்தப் பேனையால நான் வாயு எண்டு எழுதி அனுப்பின ஒருத்தி திரும்பி வரல்ல.

முனாப்: லூப் எண்டு எழுதுங்க மிஸ்ஸி.

கேதீஸ்வரி: தள்ளி நிக்கச் சொன்னா, காத மட்டும் திரைக்கு இஞ்சால விட்டுட்டா போனயள்?

முனாப்: எனக்கு முந்தியே தெரியும். அரிசி வாளிக்குள்ள லூப் போட்ட கிளினிக் கார்ட் இருந்த.

றஸீனா: எப்ப கண்ட?

முனாப்: நீ போட்டு மூணாம் மாசம்.

கேதீஸ்வரி: தெரிஞ்சுகொண்டா வாயு, வாயு எண்டு ஊரெல்லாம் பறையடிச்ச?

முனாப்: அவ ஒளிச்சத நான் எடுத்துக் குடுக்கவா? ஆரும் கேட்டா இவ தடுமாறுவா எண்டுதான் நான் முந்தி முந்திச் சொன்ன. லூப் இப்புடிக் குத்தும் எண்டு எனக்கு ஆரு சொன்ன?

கேதீஸ்வரி: ஆரிட்டக் கேட்டயள்? பொஞ்சாதிட மானத்தக் காப்பாத்தினவர் வயித்தக் காப்பாத்த மறந்திட்டாரு.

றஸீனா: தெரிஞ்சுகொண்டா எனக்கு உள்ளி அவிச்சுத் தந்தயள்?

முனாப்: நீயும் தெரிஞ்சுகொண்டுதானே குடிச்ச.

றஸீனா: மாமிக்கு என்ன சொல்லப் போறயள்?

முனாப்: அரிசி அளக்கக்குள்ள அந்தக் கார்ட்டக் கண்டெடுத்ததே உம்மாதான். மாசா மாசம் உன்னட்டக் கேக்கிறதும், கேக்காட்டி நீ சந்தேகப்படுவாய் எண்டுதான். என்னட்ட அண்டைக்கு ஒரு சொல்லுத்தான் சொன்ன... ‘இருந்த இடத்திலயே வெச்சிரு மகன். இன்னொண்டக் கடலுக்குக் குடுக்க எனக்கும் ஏலா.’